ஒழுகவேண்டிய கூரை

திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. நீல்சன் வீதியும் ஷெப்பேர்ட் வீதியும் சந்திக்கும் பஸ் தரிப்பிடத்தில், ஒரு கையில் மாதுளம்பழப் பையும் மற்றக் கையில் மழைக்குக் கட்டுகிற நீலத் தறப்பாளின் மடிப்புமாக நிற்கிறேன். போகுமிடம் பாதர்ஸ்ட் வீதி. இங்கிருந்து ஏறக்குறையப் பதினெட்டுக் கிலோமீற்றர் மேற்கே இருக்கிறது. கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம். அந்தக் காசுக்கு இரண்டு மணி நேரம் எந்த பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி இறங்கலாம்.

இதையும் ஒரு பயணம் என்று எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். மல்வேர்னில் இருபத்து மூன்று வருஷமாகக் குடியிருக்கிறேன். நயாகராவை எத்தனை தடவை பார்த்தேன் என்ற கணக்கே இல்லை. லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வருகிற சொந்தக்காரரை அங்கே கொண்டுபோய்க் காட்டுவது எங்கள் தலையில் எழுதிய கடமை. ஆனால் அதே ஷெப்பேர்ட் வீதியின் மற்ற முனையில் இருக்கிற பாதர்ஸ்ட்டில் ஒருநாளும் இறங்கியதில்லை. முதல்நாள் இரவு பிளேன் ஏறப்போகிறவள் மாதிரி நித்திரையே வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண் கிளினிக்கின் முன்மேசையில் நானும் மிரியமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வேலை செய்கிறோம். அவள் யூதப் பெண். மரங்கள் நிறம் மாறத் தொடங்கினால் அவளுடைய லீவுகள் துண்டு துண்டாக வந்து விழும். முதலில் அவர்களுடைய புதுவருஷம். பிறகு தண்ணீர்கூடக் குடிக்காத ஒரு நோன்பு நாள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் கூடாரப் பெருநாள்; அவர்கள் அதைச் சுக்கோத் என்பார்கள். அந்த நாட்களில் அவளுடைய ஷிஃப்டை நான் பார்ப்பேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என் மகளின் அரங்கேற்றத்துக்கும் என் ஷிஃப்டை அவள் பார்த்தாள். ஒன்பது வருஷமாக இப்படித்தான். "மிரியம் எங்கே?" என்று யாராவது கேட்டால், "லீவு" என்பேன். என்ன லீவு என்று கேட்டால், "ஏதோ அவையின்ரை பெருநாள்" என்பேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

இந்த வைகாசியில் மிரியமும் அவள் கணவர் டோவும் ஒரு வீடு வாங்கினார்கள். அதற்கு முன் பதினொரு வருஷம் அடுக்குமாடியில் இருந்தார்கள். இந்தப் பெருநாளுக்குத் திறந்த வெளியில் ஒரு குடில் (அதைச் சுக்கா என்பார்கள்) போட்டு அதற்குள் இருந்து சாப்பிட வேண்டுமாம். அடுக்குமாடி பல்கனியில் போட்டால் மேல்வீட்டுப் பல்கனி மறைக்கும், அதனால் சரிவராது என்று மிரியம் ஒருதடவை சொன்னாள். காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. பதினொரு வருஷமும் சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களுடைய குடில்களுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள். இந்த வருஷம்தான் முதல்முறையாகச் சொந்தக் குடில்.

"முதல் ராத்திரிச் சாப்பாடு எங்கடை குடிலுக்கை. நீர் கட்டாயம் வரவேணும், சாந்தி," என்றாள். (எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் எனக்கு அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.)

"றோல்ஸ் செய்துகொண்டு வரட்டோ?"

"சமைச்ச சாமான் ஒண்டும் வேண்டாம். வெளியிலை சமைச்சது எங்கடை குசினிச் சட்டத்துக்கு ஆகாது, தெரியும்தானே. முழுப் பழம் எண்டால் பரவாயில்லை."

விருந்துக்குப் போகிறவள் வெறும் பழத்தோடு போவதா என்று மனம் கேட்கவில்லை. காலையில் போனில் காலநிலையைப் பார்த்தேன். மாலை ஆறு மணியிலிருந்து மழை. பல்கனி மூலையில், போன கோடையில் பூங்காவில் மகளின் பிறந்தநாளுக்குக் கட்டிய தறப்பாள் கிடந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இதைவிட உபயோகமான பரிசு வேறு என்ன இருக்கிறது?

எண்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு அன்ரி இருந்தார். ஏறிய நேரத்திலிருந்து அவருடைய கண் என் மடியில்தான்.

"என்ன பிள்ளை, தறப்பாளோ உது?"

"ஓம் அன்ரி."

"வீடு ஒழுகுதோ?"

"இல்லை அன்ரி. என்னோடை வேலை செய்யிற யூதப் பிள்ளை வீட்டை பெருநாள். முத்தத்திலை கொட்டில் போட்டு, அதுக்கை இருந்து சாப்பிடுவினமாம்."

"ஏன், வீடு இல்லையோ?"

"இருக்கு. வைகாசியிலைதான் வாங்கினவை."

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்கள் வன்னியிலை வழியில்லாமல் கொட்டிலுக்கை கிடந்தனாங்கள். இவைக்கு வீட்டை வைச்சுக்கொண்டு என்ன கேடு?" என்றார். மக்கோவன் வீதியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்தபடி திரும்பி, "நல்லா இழுத்துக் கட்டு பிள்ளை. காத்துக்குப் பறக்கும்," என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது ஆசீர்வாதம் மாதிரி இருந்தது.

டொன் மில்ஸ் நிலையத்தில் சுரங்க ரயில். ஊரிலேயே மிகக் குட்டிப் பாதை. உட்கார்ந்து பையைச் சரிப்படுத்துவதற்குள் யங் வீதி வந்துவிட்டது. அங்கிருந்து எண்பத்து நான்காம் நம்பர் பஸ். நாலு மணிக்குச் சற்று முன்னே பாதர்ஸ்ட்டில் காலை வைத்தேன்.

அட, என்ன பரபரப்பு! தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் ஸ்காபரோக் கடைத்தெரு எப்படி இருக்குமோ, அதே அவசரம், அதே கார் நெரிசல், அதே "தள்ளுங்கோ, தள்ளுங்கோ" முகங்கள். பேக்கரி வாசலில் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு வான் முழுக்க மூங்கில் பாய்கள். ஒரு இளம் தாய் குழந்தை வண்டியில் குழந்தையை இருத்தாமல் சீடர் மரக் கொப்புகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிறாள். குழந்தை அவள் தோளில். ஆண்கள் பலருடைய கையில் நீளமான பிளாஸ்ரிக் உறை. உள்ளே பார்த்தால் குருத்தோலை! விரியாத, கூரான, இளம்பச்சைக் குருத்து. இந்தக் குளிர் ஊரில், கறுப்புத் தொப்பி போட்டவர்கள் கையில் குருத்தோலையைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷப் புளுகத்தைச் சொல்லி மாளாது.

ஒரு கடைக்கு முன்னால் மேசை போட்டு அந்தச் சாமான்களை விற்றார்கள். பேரீச்சங் குருத்து ஒன்று, வாசமுள்ள ஒரு செடியின் கிளைகள் மூன்று, ஆற்றங்கரையில் வளரும் வில்லோக் கொப்பு இரண்டு, ஒரு பழம். நாலு வகையையும் ஒன்றாகப் பிடித்து நாலு திசைக்கும் மேலும் கீழும் அசைத்து வேண்டிக்கொள்வார்களாம். ஒரு செட் எழுபது டொலர். பழம் நல்லதென்றால் நூற்றிருபது வரை போகிறது. அந்தப் பழத்தை ஒருவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உருட்டி உருட்டிப் பார்த்தார். எங்கள் கிளினிக் டொக்டர்கூட ஒரு கண்ணை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தோலில் ஒரு புள்ளி இருக்கக் கூடாதாம். நான் எட்டிப் பார்த்தேன். சாட்சாத் நாரத்தங்காய்!

"இதை நாங்கள் உப்புப் போட்டு ஊறுகாய் போடுவோம்," என்று கடைக்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் நெஞ்சில் கை வைத்தார். "இப்பவே சொல்லாதீங்கோ அம்மா, அதுக்குக் கேட்டுவிடும். பெருநாள் முடியட்டும். என்ரை மனிசி ஜாம் போடுவா," என்றார்.

மிரியத்தின் வீடு பாதர்ஸ்ட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. போகும் வழியெல்லாம் குடில்கள். கார் நிற்கிற இடத்தில் குடில், புல்லில் குடில், மொட்டை மாடியில் குடில். கார்களெல்லாம் வீட்டை இழந்த மாதிரி தெருவில் வரிசையாக நின்றன.

நாலேகால். மிரியம் கையெல்லாம் மாவோடு வந்து முழங்கையால் என்னைக் கட்டிப்பிடித்தாள். அடுப்பு நாலும் எரிந்தன. பெருநாள் தொடங்கிவிட்டால் புதிதாக நெருப்பு மூட்டவோ சுவிச் போடவோ மாட்டார்கள். போன் இல்லை, கார் இல்லை. எல்லாம் பொழுது சாய முதல் முடியவேண்டும். கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு ஓடுகிற ஓட்டம் அது.

டோவ் என்னைக் குடிலுக்குக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஆனால் அன்றைக்கு அவர் நடக்கவில்லை, துள்ளினார். மரச்சட்டம், கன்வஸ் சுவர், மேலே மூங்கில் கீலங்கள், அவற்றின்மேல் சீடர்க் கொப்பு. உள்ளே நீள மேசையும் நாலு கதிரையும். கொப்பில் ஒரு மின்குமிழ். தானே அணையும்படி நேரம் வைத்திருந்தார்.

"ஒவ்வொரு ஆணியும் நான் அடிச்சது," என்றார். "ரெண்டு கிழமை. ஒரு சுவர் கொஞ்சம் சரிவு. மிரியத்துக்குச் சொல்லிப்போடாதீங்கோ."

சரிவு தெருமுனையிலிருந்தே தெரிந்தது. நான் சொல்லவில்லை.

அவர்களுடைய எட்டு வயது மகள் தாலியா கடதாசிச் சங்கிலிகளோடு வந்தாள். அவள் எடுத்துத் தர, நான் ஏணியில் ஏறிக் கட்டினேன். பிளாஸ்ரிக் திராட்சைக் குலை, மினுங்கும் தாள், என்னுடைய மாதுளம்பழங்கள் எல்லாம் மேலே தொங்கின. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. டோவ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினொரு வருஷம்," என்றார் ஒருதடவை, யாருக்கும் இல்லாமல்.

ஆறு மணி கழிந்ததும் டோவ் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஜெப ஆலயத்துக்கு நடந்து போனார். தாலியாவைப் பெருநாள் சட்டை போட மிரியம் உள்ளே கூப்பிட்டாள். யன்னலுக்குள்ளால் மிரியம் மெழுகுதிரி ஏற்றிக் கண்ணைப் பொத்தி நிற்பது தெரிந்தது. முற்றத்தில் நான் தனியே. அப்போது என் மூக்கில் முதல் துளி விழுந்தது.

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மேசையில் வெள்ளை விரிப்பு, மேலே கடதாசிச் சங்கிலி, கூரையோ வெறும் கொப்பு. தறப்பாளை உதறினேன். ஏணியை நாலு மூலைக்கும் மாற்றி மாற்றி வைத்து, கொப்புகளுக்கு மேலே விரித்து, நைலோன் கயிற்றால் இழுத்து, அன்ரி சொன்னபடி நல்ல இறுக்கமாய் முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டேன். இறங்கி உள்ளே நின்று பார்த்தேன். மேலே மழை படபடவென்று அடிக்கிறது. உள்ளே ஒரு பொட்டு இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்ற என்னை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மிரியம் ரொட்டித் தட்டோடு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். தட்டு அவள் கையிலேயே நின்றது.

"ஓ," என்றாள். பிறகு, "அழகாய்க் கட்டியிருக்கிறீர், சாந்தி."

அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி மாற்ற வந்தவருக்கு வேறு பெரிய கண் வருத்தம் இருக்கிறதென்று டொக்டர் குறிப்பு எழுதிவிட்டால், அவள் அதே குரலில்தான் "ஓ" என்பாள்.

டோவ் திரும்பி வந்தார். தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. குடிலுக்குள் கால் வைத்து மேலே பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு பேரும் எபிரேயத்தில் ஏதோ மெதுவாகப் பேசினார்கள். மிரியம் ரொட்டித் தட்டைத் துணியால் மூடினாள்.

"ஏதும் பிழையோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் எங்களுக்காகச் செய்தது," என்றார் டோவ். "நன்றி."

உண்மையைப் போட்டு உடைத்தவள் தாலியாதான். "எங்கடை சுக்காவிலை இண்டைக்குச் சாப்பிட ஏலாது. பக்கத்து வீட்டுச் சுக்காவுக்குப் போகப்போறம். கொப்புக்கும் வானத்துக்கும் நடுவிலை ஒண்டும் இருக்கப்படாது. இருந்தால் அது சுக்கா இல்லை, கார் ஷெட்."

மேல்வீட்டுப் பல்கனி மறைக்கும் என்று மிரியம் சொன்னது அப்போதுதான் மண்டைக்குள் போனது. மழை ஒழுகட்டும் என்றே போட்ட கூரை அது! பதினொரு வருஷம் காத்திருந்தவர்களை, அவர்கள் சொந்தக் குடிலின் முதல் இரவிலேயே, திரும்பவும் சட்டி பானையோடு அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், வந்தேவிட்டது.

"அப்ப கழட்டுங்கோ," என்றேன்.

"பெருநாள் துவங்கியிட்டுது," என்றாள் மிரியம். "கூரை போடுறதும் பிரிக்கிறதும் பெருநாளிலை செய்யக்கூடாத வேலை. முடிச்சு அவிழ்க்கிறதும் வேலை. குடைகூட விரிக்க மாட்டம்."

"அப்ப நான் கழட்டட்டோ?"

டோவ் வாயைத் திறந்தார், மூடினார். எனக்கு விளங்கியது இதுதான்: தாங்கள் செய்யக்கூடாத வேலையை இன்னொருவரிடம் "செய்" என்று சொல்வதும் அவர்களுக்கு ஆகாது. "ஓம்" என்றாலே சொன்னதாகிவிடும்.

"நீங்கள் எங்கடை விருந்தாளி," என்றார். சற்று நேரம் மேலே பார்த்தார். "அந்த நீலம் இல்லாட்டி, அதுக்கு மேலை வானம்தான்."

"ஓம்," என்றாள் மிரியம், என்னைப் பார்க்காமல். "நல்ல இருட்டாயும் கிடக்கு."

ஆகா! இந்தப் பேச்சு எனக்குத் தெரியாதா? நான் பிறந்து வளர்ந்ததே இதில்தானே. எங்கள் மாமி ஒருவர் வீட்டுக்கு வந்தால் ஒருநாளும் தேத்தண்ணி தா என்று கேட்கமாட்டார். "வெய்யில் கடுமை, நாக்கு வறளுது" என்பார். யாழ்ப்பாணத்தில் நேரே கேட்பவன் மனுசனே இல்லை. ஆனால் விளங்கினால் மட்டும் போதாது. நான் அவர்களுக்காகச் செய்தேன் என்ற பாரமும் அவர்களுக்கு இருக்கக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"உது என்ரை தறப்பாள். எனக்கு உது இப்பவே வேணும்."

டோவ் என்னைப் பார்த்தார்.

"ஓம். வீட்டை கொண்டுபோகவேணும். இப்ப மடிக்காட்டி என்ரை மனுசன் ஏசுவார். ஆருக்காகவும் இல்லை, எனக்குத்தான்."

"உங்கடை தறப்பாள்," என்றார் டோவ் மெதுவாக. "அதுக்கு நாங்கள் என்ன சொல்ல முடியும்?" அவருடைய தாடிக்குள் சிரிப்பு திரும்பவும் ஓடத் தொடங்கியது.

ஏணியில் ஏறினேன். மழை பெலத்துவிட்டது. பஞ்சாபிச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. டோவ் ஏணியை மட்டும் இறுகப் பிடித்தார். என் முடிச்சோ நனைந்து கல்லாகிவிட்டது. அந்த அன்ரியை மனதுக்குள் நன்றாக வைதேன். நகம் உடைந்தது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். முதலாவது மூலை அவிழ்ந்ததும், தறப்பாளின் நடுவில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் கோயில் அபிஷேகம் மாதிரி என் தலையில் கொட்டியது. கீழே தாலியா குதித்துக் கைதட்டினாள். நானும் மேலே நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். நாலாவது மூலையும் அவிழ்ந்து தறப்பாள் வழுக்கி நிலத்தில் விழுந்தபோது, கொப்புகளுக்கு ஊடாக மழை சரசரவென்று உள்ளே இறங்கியது. வெள்ளை விரிப்பில், கதிரைகளில், கடதாசிச் சங்கிலிகளில். மிரியம் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏழரை மணி. மிரியத்தின் கம்பளிச் சட்டையும் டோவின் பழைய மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு மேசையில் இருக்கிறேன். வேறு நாட்களில் மழை சாப்பாட்டுக்குள் விழுந்தால் எழும்பி வீட்டுக்குள் போகலாமாம். முதல் இரவு மட்டும், மழையானாலும் ஒரு துண்டு ரொட்டியாவது குடிலுக்குள் சாப்பிட வேண்டும். டோவ் வைன் கிண்ணத்தைக் கையில் பிடித்து எழும்பினார். புதிதாக ஒன்று கிடைத்தால், அதைக் காணும் நாள்வரை உயிரோடு வைத்திருந்ததற்கு நன்றி சொல்லும் ஒரு செபம் இருக்கிறது. அதில் பாதியில் அவருடைய குரல் நின்றுவிட்டது. மிரியம் அவருடைய கையைத் தொட்டாள். மிச்சத்தை அவர் சொல்லி முடித்தார்.

வட்டமான ரொட்டியைப் பிய்த்துத் தேனில் தோய்த்துத் தந்தார்கள். பிறகு கோழி சூப். ஒரு கரண்டி எடுத்தால் மழை ஒரு கரண்டி ஊற்றியது. ஒரு துண்டு ரொட்டியோடு எழும்பியிருக்கலாம். ஒருவரும் எழும்பவில்லை.

"நீங்களும் முந்திக் குடிலிலை இருந்தனீங்களாம். அம்மா சொன்னவ," என்றாள் தாலியா.

"ஓம். உம்மைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளையாய் இருக்கேக்கை. ஒரு வருஷத்துக்கு மேலை."

"என்ன பெருநாளுக்கு?"

கரண்டியை வைத்துவிட்டேன். வன்னியில் எங்கள் கொட்டிலுக்கு ஒரு தறப்பாள் கிடைக்க அம்மா நாள் முழுக்க வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. அது கிடைக்கும்வரை மழை வந்தால் நாங்கள் நிலமெல்லாம் சட்டி பானை பரப்பிவிட்டு நடுவில் குந்தியிருப்போம். அன்றிலிருந்து இன்றுவரை ஒழுகிற கூரையைக் கண்டால் என் கை தானாகவே தறப்பாளைத் தேடும்.

"பெருநாள் ஒண்டும் இல்லை, தாலியா. ஓடிக்கொண்டிருந்தனாங்கள்."

"எங்கடை ஆக்களும் ஓடினவைதான்," என்றாள் அவள், சூப்பை உறிஞ்சியபடி. "வனாந்தரத்திலை நாப்பது வருஷம் குடிலுக்கை. அதுக்குத்தானே இது."

நாங்கள் ஓடியதை மறக்க வீட்டுக்கு மேல் வீடு வாங்குகிறோம். இவர்கள் வீடு வாங்கிய வருஷமே வாசலில் ஒரு குடில் போட்டு, கூரையைத் திறந்து வைத்து, வா மழையே என்று இருக்கிறார்கள். அதற்குக் கடதாசிச் சங்கிலியும் கட்டுகிறார்கள். முதன்முறையாக ஒழுகிற கூரைக்குக் கீழே பயமில்லாமல் இருந்தேன். மழை கழுத்துக்குள் இறங்கியது. சூப் குறையவே இல்லை. இரண்டாவது கோப்பை நானாகக் கேட்டேன்.

எட்டரைக்கு எழும்பினேன். போய்ச் சேர்ந்ததும் போன் எடுக்கிறேன் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன். மிரியம் சிரித்தாள். "வியாழக்கிழமை வேலைக்கு வரேக்கைதான் எனக்குத் தெரியும். கவனமாய்ப் போம்." வாசல்வரை வந்தவள் கொஞ்சம் நின்றாள். "நாளைப் பின்னேரமும் மழையாம். சூப்பும் மிச்சம் கிடக்கு."

"விளங்கிச்சு," என்றேன்.

திரும்பும் வழியில் தெரு முழுக்கப் பாட்டு. ஒவ்வொரு குடிலிலும் ஒரு மஞ்சள் வெளிச்சம், நனைந்துகொண்டு பாடுகிற குரல்கள். பஸ்ஸில் என் தறப்பாளிலிருந்து தண்ணீர் ஓடி முன் சீற்வரை போனது. எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். வீட்டில் கதவைத் திறந்த என் கணவர் ரவி, தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"தறப்பாள் கொண்டுபோனனீர்தானே?"

"ஓம். கழட்டினாப் பிறகுதான் உதவிச்சுது," என்றேன்.

எங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் கொங்கிறீற். அதற்கு மேலே இன்னும் ஏழு மாடி. இத்தனை வருஷத்தில் அதில் ஒரு துளி விழுந்ததில்லை. அதற்காகத்தான் இந்த நாட்டுக்கு வந்தோம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாளைக்கு மிரியம் வீட்டுக்கு வெறும் பழம் மட்டும் போதும்.

செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக் முன்மேசை. மூக்கு அடைத்து, குரல் கட்டி, மிரியத்தின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே நல்ல மழை. வழக்கமாக வருகிற தமிழ் அங்கிள் ஒருவர் குடையை மடக்கியபடி வந்து, வெறுமையாய் இருந்த கதிரையைப் பார்த்தார்.

"எங்கை மற்றப் பிள்ளை? லீவோ?"

"இல்லை அங்கிள்," என்றேன். "தன்ரை சொந்தக் கூரைக்குக் கீழை நனைஞ்சுகொண்டிருக்கிறா."